லண்டன்ல ஏத்தின லோடு டெஹ்ரான்ல இறங்கின காலம்: அந்த பழைய லாரிங்க மேல ஏன் இன்னும் இந்த கிறுக்கு?

கேள்வி இதுதான்: 1970-கள்ல இங்கிலாந்துல லோடு ஏத்திட்டு லாரியிலயே டெஹ்ரான், தோஹா வரைக்கும் போனாங்களாமே, கப்பல் இருக்கறப்ப எதுக்கு அப்படி போனாங்க, எந்த வண்டி தாங்குச்சு, அந்த கம்பெனிங்கல்லாம் என்ன ஆச்சு, இத்தனை வருஷம் கழிச்சும் ஏன் ஆளுங்க பழைய வோல்வோ, ஸ்கானியா லாரி போட்டோவ பாத்து உருகுறாங்க, அந்த காலம் திரும்புமா. நான் சவுதில டம்மாம்ல கொஞ்ச வருஷம் சரக்கு அனுப்பற வேலைல இருந்தவன், அங்க பழைய துருக்கி டிரைவருங்க பேச்ச கேட்டுத்தான் இந்த பைத்தியம் பிடிச்சுது, அதனால கொஞ்சம் நீளமாவே போகும், பொறுத்துக்கோங்க.

முதல்ல கப்பல் கதைய முடிச்சிடலாம், ஏன்னா "அது ஒரு பொற்காலம்"னு எழுதறவங்க பாதி பேர் இத விட்டுடறாங்க. 1967 ஜூன்ல இஸ்ரேலுக்கும் அரபு நாடுங்களுக்கும் போர் வந்து எகிப்துல சூயஸ் கால்வாய மூடினாங்க, திரும்ப திறந்தது 1975 ஜூன்ல. முழுசா எட்டு வருஷம் ஐரோப்பாவுல இருந்து வளைகுடாவுக்கு போற கப்பல் ஆப்பிரிக்காவ சுத்திட்டுத்தான் வரணும். இதுக்கு நடுவுல 1973 கடைசில எண்ணெய் விலை பேரல் 3 டாலர் சொச்சத்துல இருந்து ரெண்டு மூணு மாசத்துல 11 டாலர தாண்டிடுச்சு. ஈரான்லயும் சவுதிலயும் காசு கொட்டுது, பவர் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, ஃபேக்டரி, ஏசி மெஷினு, ஜெனரேட்டர்னு எல்லாத்தையும் ஒரே நேரத்துல ஆர்டர் போடறாங்க, ஆனா இறக்கறதுக்கு துறைமுகம் இல்ல. இருந்த துறைமுகத்துல கிரேன் பத்தல, குடோன் பத்தல. 1975, 76-ல ஜெட்டாலயும் ஈரான் பக்கம் கோரம்ஷர்லயும் கப்பலுங்க மாசக்கணக்குல நங்கூரம் போட்டு காத்துக்கிடந்துச்சு, ஜெட்டால ஹெலிகாப்டர் வச்சு கப்பல்ல இருந்து சிமெண்ட் மூட்டைய தூக்கற அளவுக்கு நிலைமை போச்சு. இந்த நேரத்துல ஒருத்தன் வந்து "ரெண்டு மூணு வாரத்துல உங்க சைட் வாசல்லயே கொண்டுவந்து இறக்கிடறேன்"னு சொன்னா எவ்வளவு வாடகை கேட்டாலும் குடுப்பாங்களா மாட்டாங்களா? அவ்வளவுதான் பொருளாதாரம். லாரிக்காரங்களோட பொற்காலத்துக்கு காரணம் கடல்ல நின்ன அந்த கப்பல் கியூ.

ஆனா பாதை போட்டவங்க இந்த காசு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே போயிட்டாங்க. 1964-ல பாப் பால், மைக்கேல் உட்மன்னு ரெண்டு இங்கிலாந்துக்காரங்க ஒரு கை வாரியர் லாரிய எடுத்துக்கிட்டு ஆப்கானிஸ்தான்ல காபூல் வரைக்கும் லோடோட போயிட்டு வந்தாங்க. கை அப்படின்றது உல்வர்ஹாம்ப்டன்ல இருந்த பழைய லாரி கம்பெனி. அந்த ஒரு நடைல இருந்து வந்ததுதான் ஏஷியன் டிரான்ஸ்போர்ட், பின்னாடி ஆஸ்ட்ரான்னு பேர் மாத்திக்கிட்டாங்க, கென்ட் பக்கம் ஆபீஸ். 1977-ல பிபிசி இவங்க வண்டி தோஹா போறத ஒரு டாக்குமென்டரியா காட்டினப்புறம் இங்கிலாந்து முழுக்க தெரிஞ்ச பேர் ஆயிடுச்சு, இன்னிக்கு அறுபது எழுபது வயசுல இருக்கற நிறைய டிரைவருங்க அத டிவில பாத்துட்டுத்தான் இந்த லைனுக்கு வந்தேன்னு சொல்லுவாங்க.

லாரி அஞ்சாறு நாட்டு பார்டர தாண்டி போறது எப்படி சாத்தியம்னா அதுக்கு டிஐஆர்னு ஒரு ஏற்பாடு. 1949-ல சில ஐரோப்பிய நாடுங்க ஆரம்பிச்சு 1959-ல பெரிய ஒப்பந்தமா ஆனது, 1975-ல திருத்தி எழுதினாங்க. விஷயம் சிம்பிள்: லோடு ஏத்தற ஊர்லயே கஸ்டம்ஸ்காரர் வந்து பாத்து சீல் வச்சிடுவாரு. டிரெய்லர மூடியிருக்கற தார்ப்பாயோட ஓட்டை ஒவ்வொண்ணுலயும் ஒரே கயிறு, உள்ள கம்பி ஓடற கயிறு, சுத்தி கோத்து ரெண்டு முனையையும் சேர்த்து ஈய சீல் அடிச்சிடணும். கைல கார்னெட்னு ஒரு புத்தகம். ஒவ்வொரு நாட்டுக்குள்ள நுழையறப்ப ஒரு தாள், வெளிய போறப்ப ஒரு தாள், ஸ்டாம்ப் அடிச்சு கிழிச்சு வச்சுப்பாங்க. நடுவுல சரக்கு காணாம போச்சுன்னா அந்த நாட்டு வரிக்கு லாரிக்காரங்க சங்கம் ஜாமீன். லாரி முன்னாடி பின்னாடி நீல பலகைல வெள்ளை எழுத்துல டிஐஆர்னு எழுதி மாட்டியிருப்பாங்க, பழைய போட்டோல எல்லாம் அத பாக்கலாம். இந்தியா இதுல சேர்ந்தது 2017-ல தான்.

பேப்பர்ல இவ்வளவு சிம்பிள். பார்டர்ல அப்படி இல்ல. பல்கேரியா–துருக்கி நடுவுல கப்பிகுலேன்னு ஒரு செக்போஸ்ட், அங்க கியூ கிலோமீட்டர் கணக்குல நிக்கும், நாள் கணக்குல நிக்கும். ஒரு ஜன்னல்ல ஸ்டாம்ப் வாங்கினா அடுத்த ஜன்னல், அங்க சாப்பாட்டு டைம், மூணாவது ஜன்னல்ல ஆளே இல்ல. ஸ்டாம்ப் வேகமா விழணும்னா ரெண்டு பாக்கெட் மார்ல்பரோ சிகரெட் தேவைப்படும், அதுக்குன்னே டிரைவருங்க பெட்டி பெட்டியா வாங்கி வச்சிருப்பாங்க. ஜெர்மனில, ஆஸ்திரியால பர்மிட்டே எண்ணித்தான் குடுப்பாங்க, கிடைக்கலேன்னா லாரிய அப்படியே ரயில் மேல ஏத்தி அந்த நாட்ட தாண்டுவாங்க, இல்லேன்னா செக்கோஸ்லோவாகியா, ஹங்கேரி, ருமேனியான்னு சுத்தி போவாங்க.

இப்ப வண்டி விஷயம். நிறைய பேர் இதுல சண்டை போடுவாங்க, நான் என் கருத்த சொல்றேன். 60-கள்ல இங்கிலீஷ் லாரின்னா ரொம்ப கெட்டி, ரொம்ப மெதுவு. கார்ட்னர் இன்ஜின் இருக்கே, 150, 180 குதிரைசக்திதான், டீசல் குடிக்கறதே தெரியாது, வருஷக்கணக்குல ஓடும், ஆனா அது ஊருக்குள்ள ராத்திரி வீடு திரும்பற டிரைவருக்கு செஞ்ச வண்டி. கேபின்ல படுக்கை கிடையாது, ஹீட்டர் பேருக்குத்தான். நிறைய கேபினுக்கு உள்ள மரச்சட்டம், சங்ககிரில நாமக்கல்ல நம்ம ஆளுங்க சேசிஸ் வாங்கி கேபின் கட்டுவாங்களே கிட்டத்தட்ட அந்த மாதிரி தொழில். அத எடுத்துக்கிட்டு கிழக்கு துருக்கில எர்ஸுரூம் பனிக்குள்ள போனவனுங்களுக்கு தில்லு ஜாஸ்தி, வேற என்ன சொல்றது.

அந்த பக்கம் ஐரோப்பால, ஹாலந்து கம்பெனி டாஃப் 1962-லயே 2600 மாடல்ல ரெண்டு படுக்கை வச்சு கேபின் குடுத்துட்டான். டிரைவர் ராத்திரி வண்டிலதான் தூங்குவான்னு முதல்ல புரிஞ்சுக்கிட்டவங்கள்ல அவங்களும் உண்டு. நம்ம ஊர்ல புது லாரி கேபின்ல ஏசி கட்டாயம்னு ஆனது 2025-ல தான், அத நினைச்சா கொஞ்சம் வயித்தெரிச்சலாத்தான் இருக்கு.

நிஜமான மாற்றம் ஸ்வீடன்ல இருந்து வந்துச்சு. வோல்வோ எஃப் 88 1965-ல வந்தது, கிட்டத்தட்ட 10 லிட்டர் இன்ஜின், கேபின முன்னாடி சாய்ச்சு இன்ஜின்ல கை வைக்கலாம், கியர் மாத்த கிளட்சோட மல்லுக்கட்ட வேண்டாம், ஹீட்டர் ஹீட்டர் மாதிரி வேலை செய்யும். ஸ்காட்லாந்துல ஐல்சா டிரக்ஸ்னு ஒரு கம்பெனி 1967-ல வோல்வோவ இங்கிலாந்துக்கு இறக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம் அந்த ஊர் லாரி கம்பெனிங்களுக்கு சனி பிடிச்சதுன்னே சொல்லலாம். 1970-ல 12 லிட்டர் எஃப் 89 வந்துச்சு, இன்ஜின் பெருசு, அத சாய்ச்சு வைக்க வேண்டியதாச்சு, அதனால ஸ்டியரிங் இடது பக்கம் மட்டும்தான், இங்கிலாந்துக்குன்னு வலது பக்க வண்டி போடவே முடியல. ஆனாலும் மிடில் ஈஸ்ட் போற இங்கிலீஷ்காரங்க இடது ஸ்டியரிங்க தேடி வாங்கினாங்க, ஏன்னா டோவர்ல கப்பல் ஏறினதுக்கு அப்புறம் வழி முழுக்க வலது பக்கமாத்தானே ஓட்டணும், ஒத்தை ரோட்ல ஓவர்டேக் பண்ண முன்னாடி வர்ற வண்டி தெரியணுமே.

ஸ்கானியா இதுக்கு சளைச்சதில்ல. 1969-ல 140-னு ஒரு வி8, அதாவது எட்டு சிலிண்டர் வண்டி, கொண்டுவந்தான், 14 லிட்டர், 350 குதிரைசக்தி, அப்ப ஐரோப்பால அத மிஞ்சின லாரி இல்ல. அந்த இன்ஜின் சத்தத்துக்காகவே இன்னிக்கும் ஆளுங்க பழசு தேடி வாங்கறாங்க. ஆனா ஆஸ்ட்ரான்காரங்க பெரும்பாலும் ஓட்டினது வி8 இல்ல, ஆறு சிலிண்டர் 110, 111 வண்டிங்க. அது எனக்கு ரொம்ப நியாயமா படுது. பாலைவனத்துல பவர் முக்கியமா, நடு வழில நின்னா தானே சரி பண்ற வண்டி முக்கியமா? வி8 போட்டோவுக்கு அழகு. 111 சோறு போடும்.

ஃபோர்டு 1975-ல டிரான்ஸ்கான்டினென்டல்னு ஒண்ணு விட்டான், பிரெஞ்சு பெர்லியே கேபின், அமெரிக்கன் கம்மின்ஸ் இன்ஜின், ஆம்ஸ்டர்டாம்ல அசெம்பிளி, ஏணி வச்சு ஏறணும் அவ்வளவு உயரம், டிரைவருக்கு ராஜ மரியாதை, வெயிட் ஜாஸ்தி அதனால லோடு கம்மி, முதலாளிங்களுக்கு பிடிக்கல, 1984-ல முடிஞ்சு போச்சு. மெர்சிடிஸ் பத்தி யாரும் கவிதை எழுத மாட்டாங்க ஆனா துருக்கில இருந்து ஏமன் வரைக்கும் எந்த ஊர் பட்டறைலயும் அதுக்கு சாமான் கிடைக்கும். சவுதில இருந்த நம்ம ஆளுங்க அந்த மூக்கு நீட்டின பழைய மெர்சிடிஸ கண்டிப்பா பாத்திருப்பீங்க.

ரூட்டு எப்படின்னா, டோவர்ல ஏறி பெல்ஜியம், ஜெர்மனி, ஆஸ்திரியா, அப்புறம் யூகோஸ்லாவியா. அங்க லூப்லியானா, ஸாக்ரெப், பெல்கிரேடுன்னு போற அந்த ஹைவே இருக்கே, பேரு மட்டும்தான் ஹைவே, நிறைய தூரம் எதிரும் புதிருமா ஒரே ரோடு. கோடைல ஜெர்மனில வேலை செய்யற துருக்கி குடும்பங்க கார் மேல மெத்தை, ஃப்ரிட்ஜ் எல்லாம் கட்டிக்கிட்டு தூங்காம ஊருக்கு பறப்பாங்க, ராத்திரில லைட் இல்லாத குதிரை வண்டி, நடுவுல நாப்பது அடி டிரெய்லர். பாலைவனத்த விட, பனிய விட இந்த ரோட்டுக்குத்தான் பழைய டிரைவருங்க பயந்தாங்க.

இஸ்தான்புல்ல லோண்ட்ரா கேம்பிங்னு ஒரு இடம், எல்லா நாட்டு லாரியும் அங்கதான் நிக்கும். முன்னாடி போனவன் திரும்பி வந்து எந்த பார்டர்ல எவ்வளவு கியூ, எந்த போலீஸ் என்ன கேக்கறான், எங்க பனி மூடியிருக்குன்னு சொல்லுவான், அதுதான் அப்ப கூகுள் மேப். அங்க இருந்து ஆசியா பக்கம் போக 1973 அக்டோபர் வரைக்கும் படகுதான், அப்புறம்தான் பொஸ்போரஸ் ஜலசந்தி மேல பாலம் திறந்தாங்க. அங்காராவ தாண்டினா ரெண்டா பிரியும். கிழக்கால போனா சிவாஸ், எர்ஸுரூம், அப்புறம் தாஹிர் கணவாய். ரெண்டாயிரம் மீட்டருக்கு மேல, தார் இல்லாத மண் ரோடு, ஓரத்துல தடுப்பு இல்ல, குளிர்காலத்துல மைனஸ் முப்பது. டீசல் டேங்குக்குள்ளயே மெழுகா உறைஞ்சு போகும். டேங்குக்கு அடில நெருப்ப மூட்டி உருக வைப்பாங்க, ஆமா டீசல் டேங்குக்கு அடிலதான், மண்ணெண்ணெய கலந்து ஊத்துவாங்க, ராத்திரி முழுக்க இன்ஜின ஆஃப் பண்ண மாட்டாங்க. அத தாண்டினா 5,137 மீட்டர் அராரத் மலை அடிவாரம், அப்புறம் பஜர்கான் பார்டர், ஈரான்.

தெற்கால போனா அதானா வழியா சிரியா, ஜோர்டான், அப்புறம் சவுதி டேப்லைன் ரோடு. அமெரிக்க எண்ணெய் கம்பெனிங்க 1950-ல முடிச்ச பைப்லைன், சவுதில இருந்து லெபனான்ல சிடோன் வரைக்கும் ஆயிரத்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல, அத பராமரிக்க பக்கத்துல போட்ட ரோடுதான் இது. துரைஃப், அரார், ரஃப்ஹான்னு ஊருங்க எல்லாம் அந்த பைப்லைன் பம்ப் ஸ்டேஷன சுத்தி வளர்ந்ததுதான், அங்க வேலை செய்யற தமிழ் ஆளுங்களுக்கு தினம் பாக்கற ரோடு. நேர்கோடு, வளைவே இல்ல, தூக்கம் வந்துடும், ராத்திரில ஒட்டகம் நடு ரோட்ல நிக்கும். அபுதாபி பக்கம் போறவங்களுக்கு அந்த காலத்துல ரோடே முடிஞ்சு மணல் தடம்தான், டயர்ல காத்த இறக்கி ஓட்டணும்.

ஒரு நடைக்கு மாசம், ஒன்றரை மாசம் ஆகும். பேட்டாவும் செலவுக்காசும் அஞ்சாறு நாட்டு நோட்டா இடுப்புல கட்டியிருக்கும். டிரெய்லர் பக்கவாட்டுல ஒரு பெட்டி, அத திறந்தா கேஸ் அடுப்பு, டப்பா பீன்ஸ், டீ. ஆபீசோட பேசணும்னா ஏதாவது ஹோட்டல்ல போய் டெலக்ஸ் மெஷின்ல சேதி தட்டி அனுப்பணும். வளைகுடால டீசல் தண்ணி விலைக்கு கிடைக்கறதால டிரெய்லர் அடில பெருசா ஒரு டேங்க் கட்டி ஊருக்கு திரும்பற வரைக்கும் ரொப்பிக்கிட்டு வருவாங்க, ஜெர்மன் கஸ்டம்ஸ் அத அளந்து வரி போடுவான், அது ஒரு தனி விளையாட்டு.

கம்பெனிங்க பத்தி பேசறப்ப எல்லாரும் ஆஸ்ட்ரான், ஹாலந்துல ரைனார்ட்னு பேர் சொல்லுவாங்க. அவங்க நின்னவங்க. நிக்காதவங்க கதை வேற. 1975, 76-ல காசு இருக்குன்னு கேள்விப்பட்டு நேத்து வரைக்கும் ஊருக்குள்ள மணல் அடிச்சவன்லாம் கடன்ல ஒரு பழைய வண்டி வாங்கி அனுப்பினான். பர்மிட் இல்ல, பேப்பர் சரியில்ல, ரிட்டர்ன் லோடு இல்ல. நடு வழில கம்பெனி திவால், டிரைவருக்கு சம்பளம் வராது, துருக்கில வண்டிய விட்டுட்டு கையில காசில்லாம ஊருக்கு திரும்பின கதை எத்தனையோ. இதுல பாதிக்கப்பட்டவங்க நினைவுகள் எழுதறதில்ல, அதனாலதான் படிக்கறப்ப எல்லாமே சாகசமா தெரியுது.

இன்னொரு பெரிய ஓட்டை: இந்த ஏக்க இலக்கியத்துல கம்யூனிஸ்ட் நாட்டு அரசு கம்பெனிங்க ஓரத்துலதான் வரும். பல்கேரியால சோமாட், ஹங்கேரில ஹங்கரோகாமியன், போலந்துல பெகாயெஸ், சோவியத்துல சோவ்டிரான்ஸ்அவ்டோ. ஒவ்வொண்ணும் பெரும்படை மாதிரி வண்டி வச்சிருந்தாங்க, இங்கிலீஷ்காரங்க மொத்தமா சேர்த்தாலும் அவங்க முன்னாடி சின்ன கூட்டம். ஹங்கேரிக்காரங்க ஜெர்மன் கம்பெனி மான் (MAN) லைசென்ஸ்ல செஞ்ச ராபா லாரி ஓட்டுவாங்க. டாலர் சம்பாதிக்க அந்த அரசுங்களுக்கு லாரி ஒரு வழி, வாடகைய எவ்வளவு வேணா இறக்குவாங்க. துருக்கிக்காரங்களும் இறங்கினதும் மேற்கு ஐரோப்பா கம்பெனிங்களுக்கு கட்டுப்படி ஆகல. சோமாட்ட 90-கள்ல ஜெர்மன் லாரி கம்பெனி வில்லி பெட்ஸ் வாங்கிட்டான், தனியாரா ஆகி அப்புறம் அந்த பெருமை எல்லாம் போச்சு.

முடிவு ஒரே நாள்ல வரல. கால்வாய் திறந்தாச்சு, துறைமுகங்கள பெருசாக்கினாங்க, 1979-ல துபாய்ல ஜெபல் அலி துறைமுகம் வந்துச்சு, கன்டெய்னர் வந்துச்சு. அதே வருஷம் ஈரான்ல புரட்சி. 1980-ல ஈரான்–ஈராக் போர், அதுல பாஸ்ரா துறைமுகம் மூடினதால ஈராக்குக்கு துருக்கி வழியா மறுபடி கொஞ்ச காலம் லாரி வியாபாரம் கொழுத்துச்சு, ஆனா அத பெரும்பாலும் தின்னது துருக்கிக்காரங்கதான். 1990-ல ஈராக் குவைத்துக்குள்ள புகுந்துச்சு, 1991-ல யூகோஸ்லாவியாவே உடைஞ்சு ரோடு போர்க்களம் ஆச்சு.

இப்ப ஏக்கத்துக்கு வர்றேன். எனக்கு தோணறது, ஸ்டீல் மேலயோ இன்ஜின் மேலயோ மட்டும் இவ்வளவு பாசம் வராது. தேதிய பாருங்க. லாரில டிரைவர் எவ்வளவு நேரம் ஓட்டினான், எவ்வளவு வேகம், எப்ப நின்னான்னு வட்டத் தாள்ல கிறுக்கற டாக்கோகிராஃப் மெஷின ஐரோப்பால 70-கள்லயே சட்டமாக்கிட்டாங்க. இங்கிலாந்துல யூனியன் எதிர்த்துச்சு, கேபின்ல உக்காந்திருக்கற உளவாளின்னு திட்டினாங்க, 1979-ல ஐரோப்பிய கோர்ட் தீர்ப்பு குடுத்தப்புறம் 1981 கடைசில அங்கயும் கட்டாயம் ஆச்சு. அந்த மிடில் ஈஸ்ட் ஓட்டத்தோட நல்ல வருஷங்க சரியா இதுக்கு முன்னாடிதான் இருக்கு. முதலாளிக்கு வண்டி எங்க இருக்குன்னே தெரியாது, வழிய டிரைவர்தான் முடிவு பண்ணுவான், ரிப்பேரும் அவனே, லஞ்சம் பேசறதும் அவனே. ஆபீஸே அவன்தான். அதுக்கு அப்புறம் வந்த எந்த லாரி டிரைவருக்கும் அந்த அதிகாரம் கிடைக்கல, இப்ப ஜிபிஎஸ், கேமரா, பிரேக் எத்தனை தடவ அமுக்கினேன்னு கூட ஆபீஸ்ல ஸ்கிரீன்ல தெரியுது.

ஆனா அதே சுதந்திரம்தான் தூங்காம இருபது மணி நேரம் ஓட்ட வச்சதும், யூகோஸ்லாவியா ரோட்ல ஆளுங்க செத்ததும். டாக்கோகிராஃப் வந்தது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், எஃப் 88 பின்னாடி நின்னு போட்டோ எடுத்துக்கற ஆசை எனக்கும் இருக்கு, ரெண்டும் ஒரே ஆளுக்குள்ள இருக்கலாம்.

கடைசியா, அந்த காலம் திரும்புமான்னு கேட்டிருக்கீங்க. 2023 கடைசில செங்கடல்ல ஏமன் ஹூதி படைங்க கப்பல தாக்கினப்ப கப்பலுங்க மறுபடி ஆப்பிரிக்காவ சுத்தி போனதே, 1967 மாதிரியே. அப்ப லண்டன்ல இருந்து லாரி கிளம்புச்சா? பெருசா இல்ல. வளைகுடா துறைமுகத்துல அப்ப பழைய மாதிரி கியூ இல்ல, ஒரே கப்பல்ல இருபதாயிரம் கன்டெய்னர் வர்ற காலம், ரெண்டு வாரம் லேட்டா வந்தாலும் மொத்தமா வந்துடும். சிரியா வழி 2011-க்கு அப்புறம் நாசமா கிடந்துச்சு. கிழக்கு வழில மட்டும் துருக்கி லாரியும் ஈரான் லாரியும் இன்னிக்கும் அராரத் மலை அடில அதே பார்டர்ல டிஐஆர் பலகையோட கியூல நிக்குது, டிரைவர் பேர மட்டும் யாரும் போட்டோ கீழ எழுதறதில்ல.